ஊருக்குப் போக விருப்பமுள்ளவர்கள்

மலாயாவில், சிரம்பானிலிருந்து மந்தினுக்குப் போகும் வழியில், ஏழாவது மைலில் ஒரு டவுன் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. மைலைக் கட்டை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அதற்கு ஏழாங்கட்டை என்று பெயர். சடக்கின், அதாவது சாலையின், இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்திரண்டு கடைகள், ஒரு படக்கொட்டகை, ஒரு தெருக்குழாய். கடைகளுக்கு முன்னால் மழையில் நனையாமல் நடந்துபோக அஞ்சடி நடைபாதை. இன்று காரில் போகிறவர்கள் அங்கே பார்ப்பது லாலான் புல்லைத்தான். அது புல்லாகிப் போனதில் என் பங்கு பெரியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் அது பெரும்பாலும் என்மேல்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அந்தோணிதாஸ். சிரம்பானை ஒட்டிய ராசாவில் பிறந்து வளர்ந்தவன். பெரியதோட்டம் என்ற ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது இரண்டாவது குமாஸ்தா. தோட்டத்திலேயே எனக்கு வீடு கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏழாங்கட்டையில் ஒரு கடையின் மேல்மாடியில் குடியேறினேன். தோட்டத்து வீட்டில் படுத்தால் தூக்கத்திலும் துரைக்கு வேலைக்காரன். டவுனில் படுத்தால் நான் என் இஷ்டம் என்பது அப்போதைய என் எண்ணம். மனைவி பெட்ரிசியாவுக்கு இது பிடிக்கவில்லை. தோட்டத்து வீட்டில் தண்ணீர் சமையலறைக்கே வரும். இங்கே தெருக்குழாயில் வரிசை நிற்க வேண்டும். அவள் நின்றாள்.

ஏழாங்கட்டை அப்போதே இளைத்துப் போயிருந்தது. பக்கத்து ஈயச்சுரங்கம் ஜப்பான்காரன் காலத்தில் மூடியது, பிறகு திறக்கவேயில்லை. நாற்பத்தெட்டில் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து இறங்கி மலைச்சடக்கில் ஒரு பஸ்ஸை எரித்தார்கள். அதிலிருந்து பஸ் எங்களிடம் நிற்காமல் ஓடத் தொடங்கியது. மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு என்றால் படக்கொட்டகை எப்படிப் பிழைக்கும்? ஐம்பத்தொன்றாம் ஆண்டு தொடக்கத்தில் பதின்மூன்று கடைகள்தான் திறந்திருந்தன. எனக்கோ அது மூடும் டவுன் என்று ஒத்துக்கொள்ள மனமில்லை. ஏழாங்கட்டை முன்னேற்றச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து நானே செயலாளர் ஆனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பூட்டிக் கிடந்த கடைகளின் முன்னாலும் நின்று பெருக்கச் சொல்வேன். மந்தினைவிட நம் நடைபாதை அகலம் என்று அளந்து பார்த்துச் சொன்னவன் நான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தாங்காது. சுற்றியிருந்த மூன்று தோட்டத்து ஜனங்களும், பெரியதோட்டம், ஆற்றுத்தோட்டம், புதுத்தோட்டம் எல்லோரும், ஏழாங்கட்டையைக் ‘கடை’ என்றுதான் சொல்வார்கள். கடைக்குப் போய்ட்டு வரேன், கடையில பாத்தேன், கடையில மழை. இருபத்திரண்டு கடையும் படக்கொட்டகையும் உள்ள இடத்தை ஒரு பெட்டிக்கடை மாதிரிப் பேசுகிறார்களே என்று இருக்கும். வழியில் மறித்து, "கடையில்லப்பா, ஊர்னு சொல்லு," என்பேன். "சரிங்க கிராணியாரே," என்பார்கள். மறுநாளும் கடைக்குத்தான் வருவார்கள்.

வீரமுத்து இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பான். என் வீட்டுக்குக் கீழே இருந்த சைக்கிள் கடை அவனுடையது. இரண்டு வயதில் தாயின் இடுப்பில் கப்பலேறி வந்தவன். தாய் புதுத்தோட்டத்தில் செத்தாள். பத்து வயதில் ஏழாங்கட்டைக்கு வந்து, சைக்கிள் துடைத்து, பிறகு அந்தக் கடையையே எடுத்துக்கொண்டான். அவன் மனைவி மங்கம்மா அவனைவிட நன்றாகக் காற்றடிப்பாள். இரண்டு பெண் குழந்தைகள். எனக்கு அந்த டவுனில் சிநேகிதன் என்று சொன்னால் அவன்தான்.

ஐம்பத்தொன்று ஜூன் மாதம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக்கூடாது என்பதற்காக, சிதறிக் கிடக்கும் லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துக் கம்பிவேலி போடப் போகிறார்கள் என்றார். இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, அந்தந்தத் தோட்டத்து ஃபேக்டரியைச் சுற்றி வேலி. அப்படியானால் ஏழாங்கட்டை வேலிக்கு வெளியே. வேலிக்கு வெளியே அரிசி விற்க அனுமதி கிடையாது, கடைகளை மூட வேண்டியதுதான். இன்னொன்று, மூன்று தோட்டத்து ஜனங்களையும் ஏழாங்கட்டைக்கே கொண்டுவந்து, டவுனைச் சுற்றி வேலி. அப்போது மின்விளக்கு, வீட்டுக்கு வீடு குழாய், ஒரு மருந்தகம், பள்ளிக்கூடம் எல்லாம் வரும். ஆனால் எண்பது குடும்பமாவது தாங்களாக விரும்பிப் பெயர் கொடுக்க வேண்டும். கட்டாயப்படுத்திக் கொண்டுவந்தால் பின்னால் கலகம் வரும் என்றார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் படக்கொட்டகையில் சங்கத்தைக் கூட்டினேன். விளக்கு வரப்போகிறது என்றேன். மூன்று தோட்டத்து அடுப்பும் இங்கே எரிந்தால் மூடின கடை ஒன்பதும் திறக்கும் என்றேன். இரண்டு வருஷத்தில் காட்டுக்காரன் ஓடிவிடுவான், வேலியைப் பிடுங்கிப் போட்டுவிடலாம், குழாயும் விளக்கும் நம்மிடமே நிற்கும் என்றேன். கைதட்டினார்கள். வீரமுத்து எழுந்தான்.

"நான் ரெண்டு வார்த்த பேசலாமா கிராணியாரே?" என்று கேட்டான். கூட்டத்தில் மட்டும் நான் அவனுக்குக் கிராணியார். மற்ற நேரத்தில் தாஸு.

"டவுனு பொழைக்கணும்னு எனக்கும்தான் ஆச. ஆனா என்ன சீக்குன்னு பாத்துல்ல மருந்து குடுக்கணும். சுரங்கம் மூடுச்சு, பஸ்ஸு நிக்கல, அதான் ஆளு வர்றதில்ல. நாம கேக்க வேண்டியது பஸ்ஸ நிப்பாட்டுங்கன்னுதான். அத விட்டுட்டு ஆளப் புடிச்சி கம்பிக்குள்ள அடச்சிட்டா டவுனு ஆயிருமா? மாட்டுக் கொட்டாயிலயும் நெறயத்தான் நிக்குது."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

"பஸ் வர்ற வரைக்கும் நீ காத்திருப்பே. உன் கடை காத்திருக்குமா?"

"வேலின்னா கேட்டுன்னு ஒண்ணு இருக்கும். காலைல பால்வெட்டப் போறப்ப பொம்பளைங்கள வரிசைல நிக்க வச்சி, சோறு கொண்டு போறாங்களான்னு தடவிப் பாப்பாங்க. அப்புறம் அவங்க இந்த டவுன எப்படி நெனப்பாங்க?"

"தோட்டத்துல வேலி போட்டாலும் அதே சோதனதானே?"

"அது தொர போட்ட வேலி. இது நாம கேட்டு வாங்குன வேலி."

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது என் பழக்கம். உயர்த்தினேன். ஊருக்கு வரும் நல்லதைக் கெடுக்க உள்ளேயே ஒருவன் இருந்தால் போதும், வெளியிலிருந்து எதிரி வர வேண்டாம் என்றேன். சொல்லக்கூடாத வார்த்தை. அந்தக் காலத்தில் எதிரி என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: காட்டுக்காரன். கை தூக்கச் சொன்னேன். என் பக்கம் பத்தொன்பது, அவன் பக்கம் ஆறு.

வீரமுத்து கோபப்படவில்லை. "சரி, சபை சொல்லிருச்சு. இனிமே இதப் பத்தி தோட்டத்துப் பக்கம் நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். வேலிக்கட்ட நடுறப்ப கூப்பிடுங்க, வர்றேன்," என்று சொல்லி உட்கார்ந்தான். சொன்னபடியே இருந்தான். பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டது இதுதான்: அவன் வாக்கை மீறி, தோட்டம் தோட்டமாகப் போய் என் திட்டத்தைத் திட்டித் தீர்த்திருந்தால்கூட ஏழாங்கட்டை பிழைத்திருக்கும்.

மறுநாள் தமிழில் அறிவிப்பை எழுதினேன். அதிகாரியின் ஆங்கிலத்தில் டவுன் என்று இருந்தது. டவுன் என்று எழுதினால் சிரம்பான் என்று நினைப்பார்கள். கடை என்று எழுத என் கை வரவில்லை. ஏழாங்கட்டை என்ற பெயரையும் விட்டுவிட்டேன். மைல்கல்லின் பெயரை எத்தனை நாளைக்கு ஒரு ஊர் சுமப்பது? விளக்கு வந்த பிறகு நல்ல பெயராக வைக்கலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தேன். கீழே இறங்கிப்போய் வீரமுத்துவுக்குப் படித்துக் காட்டினேன். நான்தான் ஜெயித்தேன் என்று காட்டவும்தான்.

"ஊருக்குப் போக விருப்பமுள்ளவர்கள் இம்மாதம் இருபதாம் தேதிக்குள் தங்கள் குடும்பத்தின் பெயரைக் கொடுக்க வேண்டியது. அரசாங்கச் செலவிலேயே அனுப்பி வைக்கப்படுவார்கள். சாமான்களை உடன் எடுத்துச் செல்லலாம். அங்கே வீடு கட்ட இடம் கொடுக்கப்படும்."

அவன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். "கடைன்னு எழுது தாஸு. கடையில வந்து குடியிருக்கன்னு எழுது. அதான் அவங்களுக்கு வெளங்கும்."

"கடையிலே எவனாவது குடியிருப்பானா?"

"நீ படிச்சவன், எப்படி வேணா எழுது. ஆனா ஊருன்னு போட்டா..."

"இதப் பத்திப் பேசமாட்டேன்னு சபையிலே சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

அவன் லேசாகச் சிரித்துவிட்டு மறுபடியும் டியூபைத் திருப்பினான். அவன் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம் என்ன என்று கேட்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். கேட்கவில்லை.

அறிவிப்பு மூன்று தோட்டத்திலும் பெரட்டுக்களத்தில் ஒட்டப்பட்டது. பெரட்டு என்பது காலையில் ஆள்கணக்கு எடுப்பது. இருட்டு விலகும் நேரத்தில் அத்தனை பேரும் வாளியோடு நிற்பார்கள். ஆற்றுத்தோட்டத்துத் தண்டல், அதாவது மேஸ்திரி, மாயாண்டி உரக்கப் படித்ததாகவும், யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னார். கேள்வி இல்லை என்றால் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் ஆனது, ஒரு பெயர் வந்தது. பத்து நாளில் மூன்று. அதற்குமேல் நகரவில்லை. ஜனங்களின் முகமும் மாறியது. என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். செல்லம்மா என்று ஒரு பால்வெட்டுக்காரி, கடிதம் படித்துச் சொல்லச் சொல்லி வாரம் ஒருமுறை வருகிறவள், ஆபீஸ் படியிலேயே நின்று கைகூப்பினாள். "எங்க பேர எழுதிறாதீங்க கிராணியாரே. நாங்க ஒரு வம்புக்கும் போனதில்ல. பிள்ளைங்க எல்லாம் இங்கதான் பொறந்துச்சுங்க," என்றாள். குழாயும் விளக்கும் கொடுக்கிறோம் என்றால் கைகூப்பி அழுகிறாளே, எவனோ நன்றாக ஓதிவிட்டிருக்கிறான் என்று தோன்றியது. எவன் என்று யோசிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. வேலி, கேட்டு, தடவிப் பார்ப்பது என்று பேசியவன் ஒருவன்தானே. வாயால் வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளுக்குள் குழி பறிக்கிறான் என்று முடிவு செய்தேன். அவன் கடை வழியாகப் போகாமல் பின்படியால் ஏறி இறங்கினேன். மங்கம்மா ஒருநாள், "என்னண்ணே, நம்ம மேல கோவமா?" என்று கேட்டபோதும் நிற்காமல் படியேறிப் போய்விட்டேன்.

இருபதாம் தேதி அதிகாரி வந்தார். மூன்று பெயர் எழுதின தாளைப் பார்த்தார். அவருக்கும் வருத்தம்தான். யாராவது எதிராகப் பேசினார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்கு ‘தெரியாது’ என்று ஒரு பதில் இருந்தது. எனக்கு அது தெரியும். என் டவுன் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது, என் கோபத்துக்கு ஒரு ஆள் தேவையாக இருந்தது. "சைக்கிள் கடை வீரமுத்து. அவனுக்கு வேலி பிடிக்காது," என்றேன். அதிகாரி பெயரை எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டி நான்தான் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. வீரமுத்து ஒரு சக்கரத்தைக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று கேட்டானாம், விடவில்லையாம். நான் ஆபீசில் இருந்தேன். தோட்டத்து ஆபீசுக்கு அந்தச் சேதி வர அரைமணி நேரம் ஆனது. அந்த நிமிஷத்தில் பயம்தான் வந்தது, வருத்தம் இல்லை. விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று மற்றவர்களுக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சன்னாசி வந்தார். பெயர் கொடுத்த மூன்று பேரில் ஒருவர். ஆற்றுத்தோட்டத்தில் புல்வெட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும், நெஞ்சுச்சளி. துவைத்த வேட்டி கட்டி, கையில் ஒரு தகரப்பெட்டியோடு ஆபீஸ் வாசலில் நின்றார்.

"லாரி எப்ப வரும் கிராணியாரே? சாமானெல்லாம் குடுத்துத் தீத்துட்டேன்."

"இன்னும் முடிவாகல. இருங்க. அதுக்குள்ள என்ன அவசரம், ரெண்டு மைல்தானே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கப்பலு கிள்ளான்லேருந்தா, பினாங்குலேருந்தா? நாகப்பட்டணத்துல எறக்கி விட்டாப் போதும். அங்கேருந்து நடந்தே போயிருவேன். பொஞ்சாதியப் பாத்துப் பதினாலு வருசமாச்சு."

தோட்டத்து ஜனங்களுக்கு ஊர் என்றால் ஒன்றுதான். கடல் தாண்டி இருப்பது. ஊருக்குப் போனான், ஊரிலிருந்து கடிதம் வந்தது, ஊரில் மழையில்லை. இந்தச் சொல்லைத் தினமும் ஆபீசில் பத்து முறை கேட்கிறவன் நான். தொழிற்சங்கம், கூலிப்போராட்டம் என்று அலைந்தவர்களைப் பிடித்துக் குடும்பத்தோடு கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில், அரசாங்கச் செலவில் ஊருக்கு அனுப்புகிறோம், பெயர் கொடுங்கள் என்று பெரட்டில் படித்தால் எவன் கொடுப்பான்? கேள்வி கேட்டால் நம் பெயரையே முதலில் எழுதிவிடுவார்கள் என்று அத்தனை பேரும் வாளியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறார்கள். இருநூற்று முப்பது குடும்பத்தில் ஒருவருக்குக்கூட இது ஏழாங்கட்டையைப் பற்றிய பேச்சு என்று தெரியாது. வீரமுத்து யாருக்கும் எதையும் ஓதவில்லை. அவன் சொல்ல வந்ததை நான்தான் சொல்லவிடவில்லை.

சன்னாசியை என்ன சொல்லி அனுப்பினேன் என்று நினைவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்ரிசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அதிகாரியிடம் பெயர் சொன்னதையும் சேர்த்து. அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல போங்க. ரெண்டையும் சொல்லுங்க. மொதல்ல அந்த மனுசன் விசயத்த சொல்லுங்க, டவுனு விசயம் அப்புறம்."

போனேன். சிரம்பானில் அந்த அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் இரண்டு பேச்சையும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் வரிசை மாறிவிட்டது. டவுன் விஷயத்தைத்தான் முதலில் சொன்னேன். ஊர் என்ற சொல்லை விளக்கினேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நிஜமாகவே அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். அவரும் சிரித்தார். யார் எழுதியது இந்த அறிவிப்பை என்று கேட்டார். நான்தான் என்றேன். சிரிப்பு அடங்கிய பிறகு, வருந்துகிறேன், அறிக்கை மேலே போய்விட்டது, வேலிக்கம்பி தோட்டங்களுக்கு வந்தாகிவிட்டது என்றார். வேறு ஏதாவது உண்டா என்றும் கேட்டார்.

அந்தச் சிரிப்பில் வீரமுத்துவின் விஷயத்தை மறந்துவிட்டேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. இன்னொரு முறை முட்டாளாக நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஊரைக் கெடுத்தது என் தமிழ், சிநேகிதனைக் கெடுத்தது என் வாய் என்று ஒரே நாளில் இரண்டையும் ஒரு வெள்ளைக்காரன் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். "வேறு ஒன்றும் இல்லை சார்," என்று சொல்லிவிட்டு வந்தேன். பெட்ரிசியா கேட்டதற்கு, சொன்னேன், பார்க்கிறேன் என்றார் என்று பொய் சொன்னேன்.

கடைகளுக்குப் பதினான்கு நாள் கொடுத்தார்கள். வேலிக்கு வெளியே உள்ள கட்டடம் எதுவும் நிற்கக்கூடாது என்று பிறகு இன்னொரு உத்தரவு வந்தது. தகரத்தையும் பலகையையும் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். சிலர் மந்தினுக்கு, சிலர் அம்பாங்கானுக்குப் போனார்கள். சங்கத்துக்காரர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. அறிவிப்பு நான் எழுதியதால் கெட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. தோட்டத்து ஜனங்கள் நன்றி கெட்டவர்கள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். பெரியதோட்டத்து வேலிக்குள் எனக்கு மறுபடியும் வீடு கிடைத்தது. தண்ணீர் சமையலறைக்கே வந்தது.

மங்கம்மா இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு வேலி கேட்டில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினாள். வீரமுத்துவை விடவில்லை. பிரஜை என்பதற்குக் காகிதம் இல்லாததால் நாடு கடத்தப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். "ஒரு மனு எழுதிக் குடுங்கண்ணே. உங்க இங்கிலீசு நல்லா இருக்கும்னு அவரு எப்பவும் சொல்வாரு," என்றாள்.

எழுதினேன். மூன்று தடவை கிழித்து எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்தேன். இரண்டு வயதில் வந்தவர், அங்கே உறவென்று யாரையும் அறியாதவர், நல்லொழுக்கம் உடையவர், வேலி நடவே உதவுகிறேன் என்று சபையில் சொன்னவர். எல்லாம் இருந்தது. அதன் நடுவில் ஒரு வாக்கியத்துக்கு இடம் இருந்தது: இவர் யாரிடமும் எதிராகப் பேசவில்லை, கோபத்தில் நான் தவறாகச் சொல்லிவிட்டேன். அதை ஒருமுறை அடித்தேன். கீழே என் கையெழுத்து இருக்க வேண்டும், சின்னக் கிராணி என்ற பதவியும் இருக்க வேண்டும். தாளை உருவிக் கசக்கிவிட்டு அந்த வாக்கியம் இல்லாமல் மறுபடியும் அடித்தேன். வேலை போய்விடும் என்ற பயம். என்னையே பொய்த் தகவல் கொடுத்தவன் என்று பிடித்துவிடுவார்களோ என்ற பயம். இன்னும் நிறையக் காரணங்கள் அன்று இருந்தன. இன்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

பதில் இரண்டு வரியில் வந்தது. ஏற்பதற்கில்லை. அடுத்த மாதம் அவனைக் கப்பலேற்றினார்கள். நான் போகவில்லை.

மங்கம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அதற்குப் பிறகுதான் டிக்கெட் வந்தது. சிரம்பான் ஸ்டேஷனுக்குப் பெட்ரிசியாதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். மங்கம்மா இந்த நாட்டில் பிறந்தவள், புதுத்தோட்டத்து லயத்தில். கப்பலையே பார்த்ததில்லை. பெரிய பெண் சைக்கிள் பம்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தது. அங்கே போய்க் கடை போட வேண்டுமே என்றாள் மங்கம்மா, நான் பார்ப்பதைக் கவனித்து.

வண்டி வர நேரம் இருந்தது. அவள் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். என் மனுவின் நகல். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது.

"இத அவருகிட்ட காட்டணும்ணே. யாராச்சும் படிச்சவங்ககிட்ட குடுத்து தமிழ்ல சொல்லச் சொல்லுவோம். டவுனே சேந்து கை தூக்குச்சே, புடிச்சிட்டுப் போனப்ப ஒருத்தரு வந்து நின்னாங்களா? நீங்க ஒருத்தருதான் எங்களுக்காக எழுதுனீங்க. அவரு அத தெரிஞ்சிக்கணும்."

பெட்ரிசியா என் முகத்தைப் பார்த்தாள். நான் எதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. எனக்கோ ஒரே யோசனை. வேலி வேண்டாம் என்று வீரமுத்து சொன்னது படக்கொட்டகைக்குள் மட்டும். அங்கே இருந்தவர்களில் வெள்ளைக்காரனோடு பேசுகிறவன் நான் ஒருவன். விசாரணையில் வேலியைப் பற்றிக் கேட்ட அன்றே, காட்டிக்கொடுத்தது யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் மங்கம்மாவிடம் சொல்லவில்லை, சந்திக்க விட்ட நாளில்கூட. இனி இந்தக் காகிதத்தை அவன் முன்னால் அவள் விரிப்பாள், யாரோ படிப்பார்கள், அவன் கடைசி வரி வரை கேட்டுக்கொண்டிருப்பான்.

வண்டி வந்தது. பெட்டிகளை நான் ஏற்றிக் கொடுத்தேன். மங்கம்மா ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத மறக்கமாட்டோம்ணே," என்றாள்.

"இருக்கட்டும்மா," என்றேன்.